எழுத்துத் திரை குழம்பிப் போனால்: லினக்ஸ் கன்சோலை மீட்க முழுமையான வழிகாட்டி

நண்பர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் கூப்பிட்டார். அவருடைய உபுண்டு கணினியில் டெஸ்க்டாப் உறைந்துவிட்டது. எங்கோ படித்த நினைவில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியிருக்கிறார். உள்நுழையச் சொல்லும் வெள்ளை எழுத்துகள் வரும் என்று பார்த்தால் வெறும் கறுப்புத் திரை. "பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சிடவா?" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஆவணம் இன்னும் சேமிக்கப்படவில்லை. அதோடு, எனக்குத் தெரிந்தவரை அந்தக் கணினி சாகவில்லை. திரையில் காட்ட வேண்டியதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

வரைகலை டெஸ்க்டாப்பிலிருந்து எழுத்துத் திரைக்குப் போகும்போது வரும் கோளாறுகள் பலவிதம். எழுத்துகள் கோடும் கட்டமுமாக மாறிவிடும். எழுத்துரு எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். விசைப்பலகை செத்ததுபோல் கிடக்கும். மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று அணைந்துவிடும். பார்ப்பவருக்கு எல்லாமே 'கன்சோல் கெட்டுப்போச்சு' என்றுதான் தோன்றும். ஆனால் இவை வெவ்வேறு இடங்களில் உடைகிறவை. எந்த இடத்தில் உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், சரியாக இருந்ததும் கெடும். அதனால் இந்த வழிகாட்டியில் மருந்துக்குச் சமமாகப் பரிசோதனைக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை, தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டுகள் டெபியன், உபுண்டு குடும்பத்துக்கானவை. ஃபெடோரா, ஆர்ச் என்ற பிற லினக்ஸ் வகைகள் வேறுபடும் இடங்களையும் குறித்திருக்கிறேன்.

திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரே திரையில் பல மெய்நிகர் கன்சோல்களை (எழுத்துத் திரைகளை) வைத்திருக்கிறது. அவற்றின் பெயர் டிடிஒய்1, டிடிஒய்2 என்று போகும். டெஸ்க்டாப்பும் இவற்றில் ஒன்றில்தான் குடியிருக்கிறது. இன்றைய உபுண்டுவில் உள்நுழைவுத் திரை டிடிஒய்1-லும், உங்கள் டெஸ்க்டாப் பெரும்பாலும் டிடிஒய்2-லும் இருக்கும். லைட்-டிஎம் என்ற உள்நுழைவு நிரலைப் பயன்படுத்தும் கணினிகளில் டெஸ்க்டாப் டிடிஒய்7-ல் இருப்பது வழக்கம்.

டெஸ்க்டாப் ஒரு கன்சோலை எடுத்துக்கொள்ளும்போது கெர்னலிடம் இரண்டு விஷயங்கள் சொல்கிறது. ஒன்று, 'இந்தத் திரையில் இனி நீ எழுத்து வரையாதே, நான் படம் வரைகிறேன்.' இன்னொன்று, 'விசைகளை நீ எழுத்தாக மாற்றாதே, நானே வாங்கிக்கொள்கிறேன்.' வெளியேறும்போது இரண்டையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். நடுவில் செயலிழந்தாலோ, வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டாலோ திருப்பாமலே போய்விடும்.

முன்பு இந்தத் தொல்லை இன்னும் மோசமாக இருந்தது. திரையின் தெளிவுத்திறனை மாற்றும் வேலையே, டெஸ்க்டாப்பை வரையும் நிரலான எக்ஸ் சர்வரிடம் இருந்த காலம் அது. எக்ஸ் விழுந்தால் கிராஃபிக்ஸ் அட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேறு ஆள் கிடையாது. 2009-ல் வந்த 2.6.29 கெர்னலில் இன்டெல் அட்டைகளுக்கு அந்த வேலையைக் கெர்னலே ஏற்றுக்கொண்டது. பிறகு மற்ற டிரைவர்களும் அந்த வழிக்கு வந்தன. இன்று கன்சோல் ஓரளவு நிம்மதியாகத் திரும்புவதற்கு அந்த மாற்றமே காரணம்.

ஆக, உடையக்கூடிய இடங்கள் நான்கு: எழுத்துகளைப் புரிந்துகொள்ளும் டெர்மினல் நிலை, அவற்றை வரையும் எழுத்துரு, கன்சோல் 'எழுத்து' நிலையில் இருக்கிறதா 'படம்' நிலையில் இருக்கிறதா என்பது, கடைசியாக மானிட்டர்வரை கொண்டுபோகும் டிரைவர்.

கோளாறு அல்லாதவை

சில மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் கன்சோல் மாறும். எழுத்துத் திரைக்கு வந்த பிறகு கண்ட்ரோல் தேவையில்லை. ஆல்ட்டும் எஃப் எண்ணும் போதும். ஆல்ட்டோடு இடது, வலது அம்புகளும் அடுத்தடுத்த கன்சோலுக்குக் கொண்டுபோகும்.

தட்டியது எதுவும் தெரியவில்லையா? முதலில் கண்ட்ரோல்-க்யூ அழுத்துங்கள். யாராவது தவறுதலாகக் கண்ட்ரோல்-எஸ் அழுத்தியிருந்தால் திரை நின்றுபோயிருக்கும். க்யூ அதை விடுவிக்கும். கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரம்கூட வராது, அது இயல்பு.

முன்பெல்லாம் ஷிஃப்ட்டும் பேஜ்அப்பும் அழுத்தினால் ஓடிப்போன வரிகளைப் பார்க்க முடிந்தது. இப்போது வேலை செய்யவில்லை என்று பலர் தேடுகிறார்கள். 2020-ல் வந்த 5.9 கெர்னலிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். நீளமான வெளியீட்டை 'லெஸ்' கட்டளைக்குள் அனுப்பிப் படியுங்கள், அல்லது 'டிமக்ஸ்' பயன்படுத்துங்கள்.

முதல் பரிசோதனை: கணினி உயிரோடு இருக்கிறதா

கேப்ஸ்லாக் அல்லது நம்லாக் விசையை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விசைப்பலகையும் கெர்னலும் பேசிக்கொள்கின்றன. எரியாவிட்டால் கெர்னல் செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். டெஸ்க்டாப் விசைப்பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இதைவிட நம்பகமான வழி எஸ்எஸ்எச், அதாவது இன்னொரு கருவியிலிருந்து வலையமைப்பு வழியே உங்கள் கணினிக்குள் நுழைந்து கட்டளை தட்டும் வசதி. இன்னொரு கணினி இல்லாவிட்டாலும் ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் நிறுவி உள்ளே போகலாம். ஆனால் எஸ்எஸ்எச் சர்வரை நல்ல நாளிலேயே நிறுவி வைத்திருக்க வேண்டும். இதுவரை செய்யவில்லை என்றால் இன்றே செய்துவிடுங்கள்:

சுடூ ஆப்ட் இன்ஸ்டால் ஓபன்எஸ்எஸ்எச்-சர்வர்

கணினியின் ஐபி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரை தெரியாதபோது அந்த எண்ணைத் தேட முடியாது.

இரண்டாவது பரிசோதனை: எழுத்து இருக்கிறதா, தெரியவில்லையா

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இதுதான், ஏனோ பலருக்கு இது தெரிவதில்லை. ஒவ்வொரு கன்சோலிலும் கெர்னல் என்ன எழுத்துகளை வைத்திருக்கிறது என்பதை ஒரு கோப்புபோலப் படிக்கலாம். டிடிஒய்3-க்கு உரியது விசிஎஸ்3. எஸ்எஸ்எச் வழியே உள்ளே போய் இதைத் தட்டுங்கள்:

சுடூ கேட் /டெவ்/விசிஎஸ்3

இந்தக் கோப்பில் வரி முறிவு இருக்காது. எல்லாம் ஒரே நீளமாக வரும். ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் எஃப் மட்டும் பெரிய எழுத்து:

சுடூ எஸ்டிடிஒய் -எஃப் /டெவ்/டிடிஒய்3 சைஸ்

67 240 என்று வந்தால் 67 வரிகள், வரிக்கு 240 எழுத்துகள். 1920×1080 திரையில் 8×16 அளவு எழுத்துருவுக்கு இதுதான் சரியான கணக்கு: 1920-ஐ 8-ஆல் வகுத்தால் 240, 1080-ஐ 16-ஆல் வகுத்தால் 67, மீதி கொஞ்சம். அந்த எண்ணைக் கொண்டு மடியுங்கள்:

சுடூ கேட் /டெவ்/விசிஎஸ்3 | ஃபோல்ட் -டபிள்யூ 240

'லாகின்' என்ற சொல் ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் மானிட்டர் கறுப்பு என்றால் கன்சோல் நன்றாகவே இருக்கிறது. படம் நிலையிலோ டிரைவரிலோ சிக்கல். இங்கேயும் குப்பை எழுத்துகள் தெரிந்தால் டெர்மினல் நிலை குழம்பியிருக்கிறது. இங்கே சரியான எழுத்து, திரையில் விநோத வடிவம் என்றால் எழுத்துருவைப் பாருங்கள். ஒன்றுமே இல்லாமல் வெற்றிடமாக இருந்தால் உள்நுழைவு நிரலே ஓடவில்லை. அதற்கு:

சுடூ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கெட்டி@டிடிஒய்3

நண்பருடைய கணினியில் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். 'லாகின்' அழகாக வந்தது. கன்சோல் பிழைத்திருக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே உறுதியாகிவிட்டது. அதே எஸ்எஸ்எச் இணைப்பில் 'டாப்' ஓட்டி, நினைவகம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்த உலாவியைக் கொன்றார். டெஸ்க்டாப் அசைந்தது. ஆவணம் தப்பியது. கறுப்புக் கன்சோலை அப்புறம் நிதானமாகப் பார்த்தோம். அது பின்னால் வருகிறது.

எழுத்துகள் கோடும் கட்டமுமாக மாறினால்

ஒரு படக் கோப்பையோ நிரல் கோப்பையோ தவறுதலாக 'கேட்' செய்தால் இப்படி ஆகும். அதிலிருக்கும் சில பைட்டுகள் டெர்மினலுக்குக் கட்டளைகளாகத் தெரிந்து, எழுத்துத் தொகுதியையே மாற்றிவிடுகின்றன. முழுத்திரை நிரல் ஒன்று பாதியில் செத்தாலும் இதேபோல் நடக்கும்.

திரையைப் பார்க்காமல் தட்டுங்கள்: முதலில் கண்ட்ரோல்-சி, பிறகு

ரீசெட்

என்டர். என்டர் அழுத்தியும் ஒன்றும் நகரவில்லை என்றால் என்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். என்டர் விசை அனுப்பும் குறியீட்டைப் புதிய வரியாக மாற்றும் அமைப்பு குலைந்திருந்தாலும் கண்ட்ரோல்-ஜே வேலை செய்யும். அதாவது: கண்ட்ரோல்-ஜே, ரீசெட், மறுபடி கண்ட்ரோல்-ஜே.

தட்டுவது மட்டும் தெரியவில்லை என்றால் 'எஸ்டிடிஒய் சேன்' போதும். கர்சர் காணாமல் போயிருந்தால்:

செட்டெர்ம் --கர்சர் ஆன்

நிறங்கள் விபரீதமாக இருந்தால், அதாவது கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊதாவும் பச்சையும் வந்தால், வண்ணப் பட்டியலை மூலநிலைக்குக் கொண்டுவர இது உதவும். ஆர் மட்டும் பெரிய எழுத்து:

எக்கோ -இ '\033]ஆர்'

வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தால், டெர்ம் (முழுவதும் பெரிய எழுத்து) என்ற சூழல் மாறியைப் பாருங்கள். எழுத்துக் கன்சோலில் அதன் மதிப்பு 'லினக்ஸ்' என்று இருக்க வேண்டும். டெஸ்க்டாப் டெர்மினலுக்காக யாரோ எழுதிக் கொடுத்த வரியை உங்கள் பேஷ்ஆர்சி கோப்பில் ஒட்டி வைத்திருந்தால், அது இங்கேயும் வந்து 'எக்ஸ்டெர்ம்' என்று மாற்றியிருக்கும். அந்த வரியை நீக்குங்கள்.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால்

தமிழ் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருப்பீர்கள். டெஸ்க்டாப்பில் எல்லாம் அழகாக இருக்கும். எழுத்துத் திரைக்கு வந்தால் பிழைச் செய்திகள் முழுக்கக் கட்டங்கள்! சரியாக, உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் செய்தியைப் படிக்க முடியாமல் போகிறது.

எந்த எழுத்துருவை நிறுவினாலும் இது முழுதாகத் தீராது. கெர்னல் கன்சோலின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான் கொள்ளும். தமிழின் 247 எழுத்துகளுக்கு அது தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் யூனிகோடில் 'கொ' என்பது ஒற்றை எழுத்து அல்ல; 'க' ஒரு குறியீடு, ஒகரக் குறி இன்னொரு குறியீடு. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ககரத்தின் இருபுறமும் வைப்பது எழுத்துகளை வடிவமைக்கும் நிரலின் வேலை. கெர்னல் கன்சோலில் அப்படி ஒரு நிரலே இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகும்.

அதனால் கன்சோலில் மட்டும் ஆங்கிலச் செய்திகள் வரும்படி செய்வதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. உங்கள் ஹோம் அடைவில் இருக்கும் டாட்-புரொஃபைல் கோப்பின் இறுதியில் ஒரு சிறிய நிபந்தனை எழுதுங்கள்: டெர்ம் மாறியின் மதிப்பு 'லினக்ஸ்' என்றால், லாங் மாறிக்கு 'சி.யுடிஎஃப்-8' என்ற மதிப்பைக் கொடுத்து ஏற்றுமதி செய், லாங்வேஜ் மாறியை நீக்கு. இந்த மதிப்பில் சி, யுடிஎஃப் இரண்டும் பெரிய எழுத்து; மாறிகளின் பெயர்களும் முழுவதும் பெரிய எழுத்து. டெஸ்க்டாப்பின் டெர்மினலில் டெர்ம் மதிப்பு வேறு என்பதால் உங்கள் தமிழுக்கு ஒரு குறையும் வராது. உடனடியாகத் தேவை என்றால் கட்டளைக்கு முன்னால் எழுதினாலும் போதும்:

எல்சி_ஆல்=சி.யுடிஎஃப்-8 சுடூ ஆப்ட் அப்டேட்

இங்கே எல்சி_ஆல் முழுவதும் பெரிய எழுத்து.

தமிழில் பெயரிட்ட கோப்பைக் கன்சோலில் கையாள வேண்டி வந்தால் பயப்பட வேண்டாம். பெயர் கட்டமாகத் தெரிந்தாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. 'எல்எஸ் -ஐ' தட்டினால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஒரு எண் வரும். அந்த எண்ணை 'ஃபைண்ட்' கட்டளையின் '-இனம்' விருப்பத்துக்குக் கொடுத்தால், பெயரைத் தட்டாமலே அந்தக் கோப்பை நகர்த்தலாம், நகலெடுக்கலாம்.

எழுத்துரு சுருங்கினாலோ, மாறிப்போனாலோ

3840×2160 திரையில் 8×16 எழுத்துருவை வைத்தால் வரிக்கு 480 எழுத்துகள் வரும். கண் வலிக்கும். அவசரத்துக்கு:

சுடூ செட்ஃபான்ட் -டி

இது இப்போதிருக்கும் எழுத்துருவை இரு மடங்காக்கும். ஆனால் மறுதொடக்கம்வரைதான் நிற்கும். நிரந்தரமாக்க டெபியன், உபுண்டுவில்:

சுடூ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப்

வரிசையாகக் கேள்விகள் வரும். எழுத்துரு 'டெர்மினஸ்', அளவு 16×32 தேர்ந்தெடுங்கள். எழுத்துக் கன்சோலில் இருந்துகொண்டே 'சுடூ செட்டப்கான்' தட்டினால் உடனே அமலாகும். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் /எட்க்/விகன்சோல்.கான்ஃப் கோப்பில் ஃபான்ட் (முழுவதும் பெரிய எழுத்து) என்ற வரியை மாற்றிவிட்டு, சிஸ்டம்டி-விகன்சோல்-செட்டப் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. டெஸ்க்டாப்பின் டெர்மினல் சாளரத்தில் இருந்துகொண்டு செட்ஃபான்ட் தட்டிப் பலனில்லை. படம் நிலையில் இருக்கும் கன்சோலில் எழுத்துருவை ஏற்ற கெர்னல் அனுமதிக்காது. இன்னொன்று, கணினி எழும்பும்போது எழுத்து முதலில் பெரிதாக இருந்து, சில நொடிகளில் திரை ஒருமுறை சிமிட்டி, சிறிதாக மாறிவிடுவது. எழுத்துரு ஏற்றப்பட்ட பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர் தாமதமாக வந்து கன்சோலைப் புதிதாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். டிரைவரின் பெயரை (இன்டெல் என்றால் ஐ915, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு) /எட்க்/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் தனி வரியாகச் சேர்த்து,

சுடூ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு

தட்டுங்கள். கணினி எழும்பும்போது முதலில் ஏற்றப்படும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை இது புதுப்பிக்கும்; டிரைவர் முன்னாலேயே வந்துவிடும். எழுத்துரு அதற்குப் பிறகு ஏறி நிலைக்கும்.

512 வடிவ எழுத்துருவைப் போட்டதும் பளிச்சென்ற நிறங்கள் மங்கிவிட்டதா? அதிகப்படி வடிவங்களைக் குறிக்க, முன்பு வெளிச்சத்துக்கு ஒதுக்கியிருந்த ஒரு பிட்டைக் கெர்னல் எடுத்துக்கொள்கிறது. 256 வடிவ எழுத்துருவுக்குத் திரும்பினால் நிறம் திரும்பும்.

விசைப்பலகை மறுத்தால், திரை படம் நிலையில் மாட்டிக்கொண்டால்

டெஸ்க்டாப் செயலிழந்து, அதன் கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3-ம் கேட்காது. எஸ்எஸ்எச் வழியே:

சுடூ சிஎச்விடி 3

இது டிடிஒய்3-க்கு மாற்றும். மாறியதா என்று 'சுடூ எஃப்ஜிகன்சோல்' சொல்லும். கட்டளை முடியாமல் தொங்கினால், பழைய கன்சோலைப் பிடித்திருக்கும் டெஸ்க்டாப் அதை விட மறுக்கிறது என்று பொருள். 'லாகின்சிடிஎல் லிஸ்ட்-செஷன்ஸ்' தட்டி உங்கள் அமர்வின் எண்ணைப் பார்த்து, 'சுடூ லாகின்சிடிஎல் டெர்மினேட்-செஷன்' என்பதோடு அந்த எண்ணைக் கொடுங்கள். சேமிக்காதவை போய்விடும். அதனால் உள்ளே ஓடும் நிரல்களைத் தனித்தனியாக மூட வழியிருந்தால் அதை முதலில் பாருங்கள்.

கன்சோல் மாறியும் எழுத்து வரவில்லை, விசிஎஸ் கோப்பில் மட்டும் எழுத்து இருக்கிறது என்றால், அந்தக் கன்சோல் இன்னும் படம் நிலையில் இருக்கலாம். எழுத்து நிலைக்குத் தள்ள ஒரு பைத்தான் வரி போதும்:

சுடூ பைத்தான்3 -சி "இம்போர்ட் எஃப்சிஎன்டிஎல்; எஃப்சிஎன்டிஎல்.ஐஓசிடிஎல்(ஓபன்('/டெவ்/டிடிஒய்3','டபிள்யூ'),19258,0)"

19258 என்பது கன்சோலின் நிலையை மாற்றும் அழைப்பின் எண். 0 என்றால் எழுத்து, 1 என்றால் படம். உயிரோடு இருக்கும் டெஸ்க்டாப்பின் கன்சோலில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது வரைந்துகொண்டிருக்கும்போதே கெர்னலும் வரையத் தொடங்கும்.

திரை சரி, விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்:

சுடூ கேபிடி_மோட் -யு -சி /டெவ்/டிடிஒய்3

இங்கே சி பெரிய எழுத்து. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு உண்டு. டெஸ்க்டாப்பில் ஒரு சாளரத்தில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் டெஸ்க்டாப்பே விழுகிறதா? ஆல்ட்டோடு அம்பு அழுத்தினால் எழுத்துத் திரைக்குத் தாவுகிறதா? டெஸ்க்டாப் ஓடும் கன்சோலின் விசைநிலை தவறாக மாற்றப்பட்டிருக்கிறது. அங்கே 'சுடூ கேபிடி_மோட் -எஸ்' தட்டினால் சரியாகும்.

எஸ்எஸ்எச் இல்லையென்றால் சிஸ்ஆர்க்யூ விசை இருக்கிறது. பல விசைப்பலகைகளில் பிரின்ட்ஸ்கிரீன் விசைதான் அது. ஆல்ட்-சிஸ்ஆர்க்யூ-ஆர் விசைப்பலகையை டெஸ்க்டாப்பிடமிருந்து பிடுங்கும். ஆல்ட்-சிஸ்ஆர்க்யூ-வி எழுத்துக் கன்சோலை வலிந்து திரைக்குக் கொண்டுவரும். ஆனால் உபுண்டு இதற்கு இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு 176. அதில் வட்டைப் பாதுகாத்து மறுதொடக்கம் செய்யும் விசைகளுக்கு மட்டும்தான் அனுமதி. டெபியனின் 438-ல் ஆர் வேலை செய்யும், வி வேலை செய்யாது. இரண்டும் வேண்டுமென்றால் மதிப்பு 1 ஆக வேண்டும்:

சுடூ சிஸ்சிடிஎல் கெர்னல்.சிஸ்ஆர்க்யூ=1

பலர் வந்து உட்காரும் கணினியில் இதை நிரந்தரமாக வைக்க மாட்டேன். விசைப்பலகையைத் தொடும் யாரும் எந்த நிரலையும் கொல்லலாம் என்றாகிவிடும். வீட்டுக் கணினிக்குப் பரவாயில்லை. எஸ்எஸ்எச் இருந்தால் இந்தத் தடையும் இல்லை. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக /புரோக்/சிஸ்ஆர்க்யூ-டிரிகர் கோப்பில் வி என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் போதும்.

மானிட்டர் கறுத்துப்போனால்: டிரைவர் பக்கம்

இப்போது நண்பரின் கறுப்புத் திரைக்கு வருகிறேன். இங்கே பார்க்க வேண்டிய முதல் கோப்பு:

கேட் /புரோக்/எஃப்பி

எழுத்துக் கன்சோலை எந்த டிரைவர் வரைகிறது என்று இது சொல்லும். 'ஐ915டிஆர்எம்எஃப்பி', 'ஏஎம்டிஜிபியுடிஆர்எம்எஃப்பி' போல வந்தால் சரியான டிரைவர் பொறுப்பில் இருக்கிறது. 'இஎஃப்ஐ விஜிஏ' என்றோ 'சிம்பிள்டிஆர்எம்' என்றோ வந்தால் உண்மையான டிரைவர் கன்சோலை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. நண்பருக்கு ஒன்றுமே வரவில்லை. அதாவது எழுத்து வரைய ஆளே இல்லை. அவருடையது என்விடியா அட்டை, நிறுவனத்தின் சொந்த டிரைவர்.

அந்த டிரைவர் நெடுங்காலம் எழுத்துக் கன்சோலுக்கென்று தனி ஃபிரேம்பஃபர் (திரையில் வரைய வேண்டியதை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) கொடுக்கவில்லை. 545 வரிசையில்தான் எஃப்பிடெவ் என்ற விருப்பம் வந்தது. /எட்க்/மாட்புரோப்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு உருவாக்கி இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் என்விடியா-டிஆர்எம் மோட்செட்=1 எஃப்பிடெவ்=1

எழுதுமுன் அந்த அடைவில் இருக்கும் மற்ற கோப்புகளையும் திறந்து பாருங்கள். நண்பருடைய கணினியில், எப்போதோ ஒரு குறிப்பைப் பார்த்து எழுதிய 'மோட்செட்=0' வரி ஒன்று அங்கே கிடந்தது. அதை நீக்கி, புதிய வரியை எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, கணினியை மறுதொடக்கம் செய்தோம். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தியதும் வெள்ளை எழுத்துகள் வந்தன.

இன்டெல், ஏஎம்டி அட்டைகளில் சரியான டிரைவர் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் நாமே காரணம். நிறுவும் நாளில் கறுப்புத் திரை வந்தது என்று கெர்னல் வரியில் (கணினி தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் விருப்பங்களின் வரி) 'நோமோட்செட்' சேர்த்திருப்போம். பிறகு அதை எடுக்க மறந்திருப்போம். அது இருக்கும்வரை டிரைவர் திரையைக் கையிலெடுக்காது. /எட்க்/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து பாருங்கள். இருந்தால் நீக்கி, 'சுடூ அப்டேட்-கிரப்' தட்டுங்கள்.

டிரைவர் சரியாக இருந்தும் மானிட்டர் அணைந்தால் ஹெச்டிஎம்ஐ கம்பியை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். அற்பமாகத் தோன்றினாலும் செய்யுங்கள். கம்பி மாட்டப்படும்போது கெர்னல் மானிட்டரிடம் புதிதாகப் பேசி, தெளிவுத்திறனை மறுபடி தேர்ந்தெடுக்கிறது. அப்படியும் வராவிட்டால் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் அடைவில் உங்கள் இணைப்பின் பெயரைப் பார்த்து, கெர்னல் வரியில் அளவை நேராகச் சொல்லலாம்:

வீடியோ=ஹெச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080@60

இணைப்பின் பெயர் பெரிய எழுத்தில், அடைவில் முன்னால் வரும் 'கார்ட்' என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு, மற்றபடி அங்கே உள்ளபடியே இருக்க வேண்டும். கெர்னல் வரியில் எதைச் சேர்ப்பதானாலும் முதலில் ஒரு முறைக்கு மட்டும் சோதியுங்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் இ விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் எழுதி, எஃப்10 அழுத்துங்கள். தவறாகப் போனால் அடுத்த தொடக்கத்தில் அது மறைந்துவிடும். கோப்பில் எழுதியது மறையாது.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய திரையின் மேல் இடது மூலையில் மட்டும் எழுத்து தெரியலாம். இரண்டுக்கும் ஒரே படத்தை அனுப்புவதால், சிறிய திரையின் அளவுக்குள் கன்சோல் அடங்கிக்கொள்கிறது, கோளாறு இல்லை. எழுத்து பக்கவாட்டில் படுத்திருந்தால் கெர்னல் வரியில் 'எஃப்பிகான்=ரொட்டேட்:1' சேர்த்துப் பாருங்கள். தலைகீழ் என்றால் 2, எதிர்ப்பக்கம் என்றால் 3. உள்நுழையும் வரிகளுக்கு நடுவே கெர்னல் செய்திகள் வந்து குவிந்தால் 'சுடூ டிமெசேஜ் -என் 1' அவற்றை அடக்கும். டிமெசேஜ் என்று நான் எழுதுவது டி-எம்-இ-எஸ்-ஜி என்று ஐந்தே எழுத்துகள். ஆனால் அந்தச் செய்திகள் ஏன் வருகின்றன என்று படித்துவிட்டு அடக்குங்கள். வட்டு பழுதாகும் செய்தியாகவும் இருக்கலாம்.

சரிசெய்த பிறகு

கணினியை மறுதொடக்கம் செய்து, டெஸ்க்டாப்பில் உள்நுழைந்து, டிடிஒய்3-க்குப் போய் மீண்டு வாருங்கள். அப்புறம் கணினியைத் தூங்கவைத்து எழுப்பி மறுபடி போய்ப் பாருங்கள். தூங்கி எழுந்த பிறகு மட்டும் வரும் கோளாறு தனி வகை. அது தெரிந்தால் 'ஜர்னல்சிடிஎல் -பி' வெளியீட்டில் எழுந்த நேரத்துக்குப் பிந்தைய டிஆர்எம் வரிகளைத் தேடுங்கள். கடைசியாக, திரையை அணைத்துவிட்டு, பயனர்பெயர், கடவுச்சொல், 'ரீசெட்' மூன்றையும் பார்க்காமல் தட்டிப் பழகுங்கள். மானிட்டரைப் போட்டதும் சுத்தமான கட்டளை வரி நின்றால், நீங்கள் தயார்.